வரிசையில் நின்ற தூக்குகள்

“தாகமா இருக்குடி ஷாரோன். நாக்கு போயி மேல ஒட்டிக்கிச்சு.”

“ஒட்டிக்கினா பேச்சு எப்டி வருது? நான் வந்ததுல இருந்து நீதான் வாய மூடாம பேசிக்கினு கீற.”

சைமா சிரித்துவிட்டாள். சிரித்ததில் தொண்டை இன்னும் வறண்டது.

அது ரமலான் மாதம். கொரோனா வந்து ஊரெல்லாம் பூட்டிக் கிடந்த கோடைக்காலம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரில் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. பள்ளிவாசல் மூடியிருந்தது. மாதா கோயிலும் மூடியிருந்தது. யாராலும் மூட முடியாமல் கிடந்தது ஏரி ஒன்றுதான்.

சைமாவின் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் ஏரிக்கரை. தினமும் வெயில் தாழ்ந்ததும் ஷாரோன் தன் இரண்டு ஆடுகளை அங்கே ஓட்டி வருவாள். இருவரும் ஒரே வகுப்பு. பரீட்சை எழுதாமலே எட்டாம் வகுப்பு பாஸ் ஆனவர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, புங்கமரத்தின் அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி என்று உட்கார்ந்து கதை பேசுவார்கள்.

“இந்த வருஷம் எல்லா நோன்பும் வெச்சுக் காட்டறேன்னு அத்தாகிட்ட சொல்லிட்டேன். விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டா, பொழுது சாயற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. நடுவுல விட்டேன்னா பர்வேஸ் அண்ணன் பெருநாள் வரைக்கும் கிண்டல் பண்ணுவான்,” என்றாள் சைமா.

ஷாரோன் ஒரு புல்லைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

“நானும் நோன்புதான்.”

“என்னது? உங்க நோன்பெல்லாம் ஈஸ்டரோட முடிஞ்சிடுச்சே!”

“உன்கூட சேந்து வெக்கிறேன். இன்னா, வெக்கக் கூடாதா?”

சைமா துள்ளி எழுந்தாள்.

“எத்தினி நாளா?”

“நாலஞ்சு நாளா.”

“சொல்லவே இல்லியே, கள்ளி! சரி, விடியக்காலையில என்ன சாப்பிட்டே?”

“சோறு.”

“தொட்டுக்க?”

“கருவாட்டுக் கொழம்பு. கத்திரிக்கா போட்டு. கத்திரிக்கா நல்லா கொழம்புல ஊறிக்கினு… அப்பால ரசம். வாழைக்கா வறுவல், ஓரமெல்லாம் முறுகலா. ஒரு முட்டை. இல்ல, ரெண்டு முட்டை.”

“அவ்ளோவும் விடியக்காலையிலயா? எங்க வீட்டுல கண்ண மூடிக்கிட்டே தயிர் சோத்த முழுங்குவோம். உங்க வீட்டுல கல்யாணமே நடக்குது போல!”

ஷாரோன் சிரித்தாள். ஆனால் எழுந்து நிற்கும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுல வந்து நோன்பு திறயேன். அம்மா கஞ்சி வெக்கிறாங்க.”

“வேணாம். எங்க வூட்ல அம்மா காத்துக்கினு கீறாங்க,” என்று சொல்லி ஷாரோன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தோழி தனக்காக நோன்பு வைக்கிறாள்! சைமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா நஜீமாவிடம் சொன்னாள். கடையிலிருந்து வந்த அத்தா முகம்மது கௌஸிடம் சொன்னாள். கேட்காத பர்வேஸ் அண்ணனிடமும் இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் ஷாரோன் வரவில்லை. அவள் தம்பி ஜான்சன் ஆடுகளை ஓட்டி வந்தான். மூன்றாம் வகுப்புப் பையன். ஆடு அவனை இழுத்து வந்தது என்றும் சொல்லலாம்.

“எங்கடா உங்க அக்கா?”

“தலை சுத்துதாம். படுத்துக்கினு கீறா.”

“நோன்புன்னா மொதல்ல அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் நல்லா சாப்பிடச் சொல்லு.”

ஜான்சன் அவளை முறைத்தான்.

“இன்னா சாப்பிடச் சொல்றது? அதான் தெனமும் உங்க வூட்ல துன்றாளே!”

“எங்க வீட்டுலயா?”

“பின்ன? ‘சைமா வூட்ல வயிறு முட்டத் துன்னுட்டேன், எனக்குச் சோறு வேணாம், பசங்களுக்குப் போடு’ன்னு அம்மாகிட்ட தெனமும் சொல்றா. எனக்கும் கொஞ்சம் எடுத்துக்கினு வாடின்னு கேட்டேன். ஒரு வாட்டிகூட கொண்டாரல. கஞ்சப் பிசினாரி!”

 தங்கள் வீட்டில் ஷாரோன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஒரு பக்கம் ‘நோன்பு’ என்கிறாள். இன்னொரு பக்கம் ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்கிறாள். இரண்டு வீடும் அவளை நம்பியிருக்கின்றன. நடுவில் அவள் வயிறு மட்டும் காலி.

“ஜான்சா, ஆட்டப் பாத்துக்க. இதோ வந்துட்டேன்.”

வீட்டுக்குள் ஓடி ஒரு கை பேரீச்சம்பழத்தைப் பாவாடை மடிப்பில் போட்டுக்கொண்டு, ஏரிக்கரை வழியாகவே ஷாரோன் இருக்கும் காலனிக்கு நடந்தாள்.

ஷாரோன் வீட்டுப் பின்பக்கம் பாய் விரித்துப் படுத்திருந்தாள். சைமாவைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

“அந்தக் குட்டிச்சாத்தான் சொல்லிட்டானா?”

“காலையில உண்மையா என்ன சாப்பிட்டே?”

“ஒரு சொம்பு நீச்சத் தண்ணி, பழைய சோத்துத் தண்ணி.”

“எப்போ?”

“எட்டு மணிக்கு.”

“எட்டு மணிக்கா! அது நோன்பே இல்லடி, லூசு!”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் சைமாவின் கண் கலங்கிவிட்டது.

“ஏண்டி இப்படிப் பண்றே?”

ஷாரோன் குரலைத் தாழ்த்தினாள். வீட்டுக்குள் அவள் அம்மா அம்முலு இருந்தார்.

“நைனா ஒரகடத்துல கட்டட வேலைக்குப் போனாரே, அங்கயே மாட்டிக்கினாரு. அம்மாவுக்கும் வேலை இல்ல. சித்தியும் பசங்களும் மெட்ராஸ்ல இருந்து வந்துட்டாங்க. அவங்க ரேஷன் கார்டு அங்க கீது. எங்க கார்டு அரிசியைத்தான் எல்லாரும் துன்றோம். பாதி மாசத்துக்குமேல வரமாட்டேங்குது. பள்ளிக்கூடம் இருந்தா மத்தியானம் சத்துணவு கெடைக்கும். இப்ப அதுவும் இல்ல.”

“உங்க அம்மாகிட்ட சொல்லலாம் இல்ல?”

“சொன்னா அவங்க பங்கை எடுத்து எனக்குப் போட்டுட்டு, ‘எனக்குப் பசிக்கல’ம்பாங்க. நீ சொல்லக் கூடாது, சைமா. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னே, உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்.”

“சரி, சொல்லல. ஆனா எங்க வீட்டுல வந்து சாப்பிடு.”

“ஒரு நாள் துன்னலாம். தெனமும் உங்க வூட்டு வாசல்ல போய் நின்னா அம்மா காலை ஒடிச்சுடுவாங்க. அதுவும் இல்லாம, வாயில சோத்த வெச்சா ஜான்சன் மூஞ்சி எதுர்ல வரும்டி.”

சைமா பேரீச்சம்பழங்களைப் பாயில் வைத்தாள். ஷாரோன் இரண்டை வாயில் போட்டுக்கொண்டாள். மிச்சத்தை எண்ணிப் பார்த்து, தாவணி முனையில் முடிந்துகொண்டாள். தம்பிக்கும், சித்தி பிள்ளைகளுக்கும் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

“பள்ளிவாசல் தொறந்து இருந்தா இந்தப் பேஜாரே இல்ல,” என்றாள் ஷாரோன், கொட்டையைச் சப்பிக்கொண்டே. “போன வருஷம் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச் சட்டி எடுத்துக்கினு வந்து நிப்போமே. அதுக்கு மட்டும் அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அது ஒருத்தர் வூட்டுச் சோறு இல்லியாம். ஊருக் கஞ்சியாம்.”

சைமா திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்றாள். பிறகு ஓட ஆரம்பித்தாள்.

அன்று மாலை பாங்கு சொல்லும் நேரம் வந்தது. பள்ளிவாசலில் மோதினார் மட்டும் தனியாக நின்று பாங்கு சொன்னார். வீட்டில் எல்லோரும் பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்தார்கள். அம்மா கிண்ணங்களில் கஞ்சி ஊற்றினார். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், புதினா எல்லாம் சேர்ந்த வாசனை. சைமா கரண்டியைக்கூடத் தொடவில்லை.

“அத்தா, இந்தக் கஞ்சி அரிசி பள்ளிவாசலுக்கு வந்ததுதானே?”

“ஆமா. இந்த வருஷம் அங்க அடுப்பு பத்த வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதனால நம்ம ஜமாஅத்துல இருக்கற வீட்டுக்கெல்லாம் சரி பங்கா பிரிச்சுட்டோம்.”

“தூக்குப் பசங்க பங்கு எங்க?”

“எந்தப் பசங்க?”

“போன வருஷம் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசல் வாசல்ல யாரு வரிசையா நின்னா? நாம மட்டுமா? காலனிப் பசங்க, தெக்குத் தெருப் பசங்க, மாடு மேய்க்கிற பசங்க எல்லாரும் தூக்கு எடுத்துக்கிட்டு நிப்பாங்க இல்ல? அவங்க குடிச்ச கஞ்சியும் இந்த அரிசியிலதானே வெச்சீங்க?”

கௌஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா மூலையில் இருந்த அரிசி மூட்டையைப் பார்த்தார்.

“நமக்கே ரொம்ப மிச்சம் இருக்குதுங்க,” என்றார் நஜீமா மெதுவாக. “நான் இடியாப்ப மாவுக்கு இடிக்கலாம்னு இருந்தேன்.”

“அவசரத்துல வீட்டை மட்டும்தான் கணக்குல எடுத்தோம். வரிசைய மறந்தே போயிட்டோம்,” என்றார் கௌஸ். பிறகு பெருமூச்சு விட்டார். “ஆனா இப்ப என்னம்மா செய்யறது? கூட்டம் கூடினா போலீஸ் விடாது. நோய் வேற.”

“கூட்டம் கூடாம குடுக்க வழி இருந்தா?”

“இருந்தா சொல்லு. நான் அரிசிக்குப் பேசறேன்.”

சைமா இரவெல்லாம் யோசிப்பாள் என்று அம்மா நினைத்தார். அவளோ கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள் வழியைச் சொல்லிவிட்டாள்.

காலையில் கௌஸ் மிச்ச அரிசி கேட்டு ஜமாஅத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். போட்ட போனை ஒவ்வொரு தடவையும் சைமாதான் பிடுங்கிப் பேசினாள். சிலர் உடனே சரி என்றார்கள். ஷப்ரீன் பெரியம்மா மட்டும், “ஐயோ, நான் ஆப்பத்துக்கு ஊற வெச்சுட்டேனே!” என்றார்.

“ஊறினது உங்களுக்கு, ஊறாதது கஞ்சிக்கு. பர்வேஸ் அண்ணன் வந்து எடுத்துக்குவான், பெரியம்மா,” என்று சொல்லி வைத்துவிட்டாள். பர்வேஸ் அண்ணன் சைக்கிளில் அலைந்து மாய்ந்தான்.

பள்ளிவாசலில் வருஷா வருஷம் கஞ்சி காய்ச்சுகிறவர் காசிம் மாமா. இந்த வருஷம் வேலை இல்லாமல் வீட்டோடு இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முன்னால் அவர் மனைவிதான் சந்தோஷப்பட்டார்.

“கூட்டிக்கிட்டுப் போங்க இவர! அஞ்சு பேருக்குக் கஞ்சி வெச்சு, அம்பது பேருக்கு உப்பு போடறாரு. ஒரு வாரமா கஞ்சி வாயில வெக்க முடியல!”

“சின்னச் சட்டியில எப்படிம்மா சமைக்கிறது? கை பழகலியே,” என்று முனகிக்கொண்டே காசிம் மாமா தன் கொல்லையில் மூன்று கல் வைத்து, பெரிய தேக்சா பாத்திரத்தை ஏற்றினார். கை நிறைய உப்பை அள்ளிப் போட்டபோது, அளவு கச்சிதமாக இருந்தது.

மாலையில் கௌஸின் கடை வண்டியில் தேக்சா ஏறியது. மளிகை ஏற்றுவதற்கு அந்த வண்டிக்கு பாஸ் இருந்தது. ஆனால் காலனித் தெரு பிரியும் முனையில் தடுப்புக் கம்பம். அங்கே காவலர் வேதகிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மளிகைதானே பாய் ஏத்துவே? இது இன்னா, ஆவி பறக்குது?”

“நோன்புக் கஞ்சி சார்.”

“திருப்பு வண்டிய. அங்க போய் இத்த எறக்கினா ஊரே கூடிடும். அப்பால மேல இருக்கறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

வண்டியின் பின்னாலிருந்து சைமா குதித்தாள். எட்டியே நின்று பேசினாள்.

“சார், ஆளு யாரும் வரிசையில நிக்க மாட்டாங்க. தூக்குதான் நிக்கும்.”

“இன்னாது?”

“மாதா கோயில் தெரு ரொம்ப நீளம் சார். சுண்ணாம்புல வட்டம் போட்டிருக்கோம். ஒரு வட்டத்துக்கு ஒரு தூக்கு. வெச்சுட்டு அவங்க அவங்க வீட்டுக்குள்ள போயிடுவாங்க. காசிம் மாமா நீட்டுக் கரண்டியில ஊத்திக்கிட்டே போவாரு. நாங்க நகர்ந்ததும் ஒவ்வொரு வீடா வந்து எடுத்துக்குவாங்க.”

“தூக்குக்கெல்லாம் மாஸ்க் போட்டு நிக்க வைப்பியா?”

“மூடி இருக்குது சார்.”

வேதகிரி சிரிப்பை அடக்கப் பார்த்தார். அவருடைய முகக்கவசம் ஆடியது.

“யாரோடது எதுன்னு எப்டித் தெரியும்?”

“எல்லாத்துலயும் பேரு வெட்டியிருக்கும் சார். பேரு இல்லாதது அடிவாங்கி நசுங்கியிருக்கும். அவங்க அவங்க நசுக்கல் அவங்களுக்குத் தெரியும்.”

“நானும் வரேன். ஒருத்தர் எகிறினாலும் வண்டி திரும்பிடும்.” வேதகிரி கம்பத்தைத் தூக்கினார்.

காலனியில் வட்டங்கள் வெள்ளையாகத் தெருவின் கடைசி வரை ஓடின. ஆனால் ஒரு வட்டத்தில்கூடத் தூக்கு இல்லை. காலையில் சைமா எல்லா வீட்டுக்கும் சொல்லியிருந்தாள். ஆனாலும் எல்லோரும் கதவருகில் நின்று, அடுத்த வீடு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் வைப்பது?

வேதகிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காசிம் மாமா ஈயை விரட்டினார். கௌஸ் மகளைப் பார்த்தார்.

சைமா காலி வட்டங்களைப் பார்த்தாள். இன்று தூக்கு வரவில்லை என்றால் நாளைக்கு யாரும் அரிசி தரமாட்டார்கள். ஷாரோன் மறுபடியும் நீச்சத் தண்ணிதான்.

அவள் நேராக ஷாரோன் வீட்டு வாசலுக்குப் போனாள்.

“அத்தை, தூக்கு வையுங்க.”

அம்முலு வெளியே வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

“பாயி வண்டியில வந்து கீது. பாயி குடுக்கற தானமா இது? எங்களுக்கு வேணாம்மா.”

“வண்டிதான் எங்களுது, அத்தை. கஞ்சி பள்ளிவாசல் கஞ்சி. போன வருஷம் வாங்கினீங்களே, அதே. பள்ளிவாசல் வாசல்ல நிக்க முடியாதுன்னு வரிசை இங்க வந்திருக்கு. அவ்ளோதான்.”

“ஊருக் கஞ்சியா?”

“ஊருக் கஞ்சி. அங்க பாருங்க, காசிம் மாமாவே வந்திருக்காரு.”

காசிம் மாமா கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

அம்முலுவின் கைகள் தளர்ந்தன. உள்ளே போய் ஒரு தூக்கைக் கொண்டுவந்தார். பிறகு நின்றார்.

“இது பசங்களுக்குப் போதும். ஷாரோனுக்கு வேணாம். அவதான் தெனமும் உங்க வூட்ல வயிறு முட்டத் துன்றாளே.”

கதவுக்குப் பின்னால் ஷாரோனின் முகம் தெரிந்தது. தலையை ‘வேண்டாம், வேண்டாம்’ என்று ஆட்டினாள்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. பொய்யும் சொல்லக் கூடாது. சைமா ஒரு மூச்சு இழுத்தாள்.

“எங்க வீட்டுல அவ ரொம்பக் கூச்சப்படறா, அத்தை. சரியாவே சாப்பிடறது இல்ல. இருக்கறதுலயே பெரிய தூக்கா வையுங்க.”

அம்முலு சைமாவைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார். கன்ன எலும்பையும், கழுத்தையும், நடுங்கும் விரல்களையும் பார்த்தார். உள்ளே போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் கையில், வயல் வேலைக்குச் சோறு எடுத்துப் போகும் பெரிய தூக்கு இருந்தது.

முதல் வட்டத்தில் அதை வைத்தார்.

அவ்வளவுதான். தெருவெங்கும் கதவுகள் கிரீச்சிட்டன. எவர்சில்வர் தூக்கு, அலுமினியத் தூக்கு, கைப்பிடி போய்க் கயிறு கட்டிய தூக்கு என்று ஒவ்வொன்றாக வட்டத்துக்குள் வந்து நின்றன. ஜான்சன் குடம் ஒன்றைத் தூக்கி வந்து, அம்மாவிடம் குட்டு வாங்கித் திரும்பினான்.

காசிம் மாமா ஊற்றிக்கொண்டே போனார். கடைசி வட்டத்தில் ஒரு சின்ன டிபன் டப்பா இருந்தது.

“இது யாரோடது? பேரே காணோம்?”

வேதகிரி தொண்டையைச் செருமினார். “அது… காலையில இருந்து கம்பத்துலயே நிக்கறேன் இல்ல பாய்.”

பிறகு அவர் விசிலை எடுத்தார். ஒரு விசிலுக்கு ஒரு வீடு. பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாரே தோற்றுவிடுவார். ஒரு தள்ளுமுள்ளு இல்லை. எல்லோரும் தங்கள் நசுக்கலைக் கண்டுபிடித்து எடுத்துப் போனார்கள்.

ஷாரோன் வாசற்படியில் உட்கார்ந்து தூக்கின் மூடியில் கஞ்சியை ஊற்றி ஊதி ஊதிக் குடித்தாள். ஒரு மூடி. இன்னொரு மூடி. அப்புறம் ஊதுவதற்குப் பொறுமை இல்லை. ஜான்சனும் சித்தி பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து, பேசாமல் குடித்தார்கள்.

அம்முலு மகளின் தலையில் கை வைத்தார்.

“நாக்கு வெந்துடப் போவுது, மெதுவாடி. இனிமே பொய் சொல்லிக்கினு பட்டினி கெடந்தே, தெரியும் சேதி.”

ஷாரோன் மூடிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தெருவின் எதிர்ப்பக்கம் வண்டியருகே சைமா நின்றிருந்தாள். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. கஞ்சி வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தால், தானே இரண்டு தூக்குக் கஞ்சி குடித்தவள் போல இருந்தது.

காசிம் மாமா தேக்சாவைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கூவினார்.

“அடியில இன்னும் கீது! யாருக்காவது வேணுமா?”

ஒரு வீடு இன்னொரு வீட்டைப் பார்த்தது. பெரியவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பெரிய பையன்கள் கால் விரலைப் பார்த்தார்கள்.

ஷாரோன் எழுந்தாள். கையை உயரத் தூக்கினாள்.

“எனக்கு வேணும்! எனக்கு இன்னும் பசிக்குது!”

“எனக்கும்!” என்றான் ஜான்சன்.

“எங்களுக்கும்!” என்று எதிர் வீட்டுப் பெரிய பையன்கள் கத்தினார்கள்.

வேதகிரி விசிலை வாயில் வைத்தார். அதை ஊதுவதற்குள் தூக்குகள் மறுபடியும் வட்டத்துக்குள் வந்து நின்றன, மூடியைத் திறந்துகொண்டு.